கோணிய வாய்க்குக் கிடைத்த கைதட்டல்

எனக்குப் பக்கவாதம் வந்தபோது ஐம்பது பேர் கைதட்டினார்கள்.

மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சோற்றைப் பிசைந்த வலது கை திடீரென்று மரத்துப்போனது. வாயின் வலப்பக்கம் தொங்கி, உதடு இடப்பக்கமாக இழுத்துக்கொண்டது. ஏதோ சொல்லப் பார்த்தேன். "கே... கே..." என்று சத்தம் மட்டும் வந்தது.

எதிரே இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா எழும்பி நின்றார். "ஆ, தொடங்கிட்டாரு! நம்ம கோணவாயர் தொடங்கிட்டாரு! வீடியோவ இங்க திருப்புங்கப்பா!"

பந்தியே கைதட்டியது.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாயை இடப்பக்கம் இழுத்துப் பேசுவதுதான் என் சரக்கு. சிங்களப் படம் பதினேழு, தமிழ்ப் படம் இரண்டு, அத்தனையிலும் வில்லன், அத்தனையிலும் அதே வாய். இந்த நாட்டில் என்னைப் போல் வாயைக் கோணியவன் வேறு ஒருவன் இருந்தால் வந்து காட்டட்டும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் செய்துகாட்டச் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் செய்வேன்.

பெண்கள் பக்கத்தில் இருந்த என் மனைவி பிலோமினா வந்து பார்க்க அரைமணி நேரம் ஆகிவிட்டது. "ஏங்க, போதும், சாப்பிடுங்க" என்றாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள். "ஐயோ, இது நடிப்பு இல்ல! வண்டியப் பிடிங்க!"

இதை வாசிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள். ஆள் எவ்வளவு பெரிய நடிகனாக இருந்தாலும் சரி.

மாத்தளையிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். தலையைப் படமெடுத்துப் பார்த்த டொக்டர், பக்கவாதம் (மூளைக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார். கூடவே பேச்சிழப்பு (நாக்குக்குப் பழுதில்லை, சொல்லைத் தேடி எடுக்கும் மூளைப் பகுதிக்குப் பழுது). தண்ணீர் என்று நினைப்பேன், வாய் "கதவு" என்னும். எல்லாம் விளங்கியது. ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

நோய்க்கு ஒரு மாதம் முன்புதான் கொழும்பிலிருந்து ஒரு டைரக்டர் வந்து எனக்கு ஒரு வேடம் தந்திருந்தார். வில்லன் இல்லை. அப்பா. காணாமற்போன மகனைத் தேடி இராணுவ முகாம் வாசலில் வந்து நிற்கும் அப்பா. நாலே வசனம். முப்பது வருடம் வில்லனாகவே செத்தவனுக்கு முதல் தடவையாக ஒரு மனிதனின் வேடம். அதுவும் தமிழில். நான் பேசிய இரண்டு தமிழ்ப் படங்களின் சுருள்களும் இனக்கலவரத்தில் எரிந்துபோயின. என் தமிழ்க் குரல் வேறெங்கும் இல்லை.

அந்த டைரக்டர் வார்டுக்கு வந்தார். "கவலப்படாதீங்கண்ணே. அந்த அப்பாவ ஊமையா மாத்திடுறேன். வசனமே வேணாம்."

பிலோமினா கும்பிட்டாள். நான் இடக்கையால் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தேன். தலையை ஆட்டினேன். நாலு வசனமும் வேண்டும் என்று நாலு விரலைக் காட்டினேன்.

"நாலு மாசமா? சரிண்ணே. பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல ஊமைதான்."

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மிளகு மூட்டை தூக்கி வளர்ந்தவன். வசனத் தாள் எனக்கு வெறும் கறுப்புப் புள்ளி. பிலோமினா கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், இரண்டு மொழியும் வாசிப்பாள். அவள் வாசிக்க வாசிக்க, வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் இடையே நான் நடப்பேன். சொல்லுக்கு ஓர் அடி. அப்படிக் காலில் ஏற்றிய வசனம் போகாது. படித்த நடிகர்கள் கமராவுக்கு முன்னால் மறந்து நிற்பார்கள். நான் ஒரு தடவையும் மறந்ததில்லை. அசையாமல் நிற்கச் சொன்னால் அடிக்குப் பதிலாக, சொல்லுக்கு ஒரு தடவை சப்பாத்துக்குள் கால்விரலை மடக்கிக்கொள்வேன்.

இப்போது வலது காலும் இல்லை, சொல்லும் இல்லை.

சண்டை மறுபடி பிடித்துக்கொண்ட காலம் அது. பேச்சுப் பயிற்சிக்குக் கண்டிக்குப் போகும் வழியில், இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். நான் ஊன்றுகோலோடு அடிமேல் அடி வைத்துப் போனேன். ஓர் இளம் சிப்பாய் சிங்களத்தில் பெயர் கேட்டான்.

வாயைத் திறந்தேன். "அசையாதே! உன் கதை இன்றோடு முடிந்தது!"

சுத்தமான சிங்களம். முழு வசனம். பழைய குரல்.

சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். பிலோமினா நடுவில் பாய்ந்து, "மாத்தயா, ஐயா, இவர் நோயாளி! அது படத்து வசனம்!" என்று சிங்களத்தில் கதறினாள்.

"என்ன படம்?"

சொன்னாள்.

"பார்த்ததில்லை" என்றான் அவன்.

கிளினிக் அட்டையைப் பார்த்து விடுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. துப்பாக்கியைவிட அந்தப் "பார்த்ததில்லை"தான் எனக்கு வலித்தது. "இனி வாயத் தொறக்காதீங்க. என்னையும் சேத்துச் சுட்டுருவான்" என்றாள் பிலோமினா. அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. நான் பேசியிருந்தேன்.

பயிற்சி தரும் மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்தார். "பாடமாக்கின வசனம், பாட்டு, ஜெபம் எல்லாம் சில பேருக்குத் தப்பிச்சிரும் ஐயா. அந்த வழியா மத்தச் சொல்லையும் கூட்டிட்டு வரப் பாக்கலாம். என்ன செய்றப்ப வந்துச்சு?"

"நடக்கிறப்ப மிஸ்" என்றாள் பிலோமினா.

அன்று மாலையே தொடங்கினோம். அவள் வாசித்தாள். நான் வலது காலை இழுத்து இழுத்து நடந்தேன். 'ஐயா' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று வாரம். ரயில் கேட்டில் நிற்பவர் தினமும் கேட்பார், "என்ன நடிகரே, இன்னிக்கு ரயிலுக்கு முந்தி வந்துருவீங்களா?" பதில் சொல்ல வாய் இல்லாததால் நடந்தேன்.

'எம் மகன்' என்று தொடங்கினால் 'உன் கதை முடிந்தது' என்று போய் முடியும்.

"மகனக் கொன்னுறாதீங்க" என்பாள் பிலோமினா. "திரும்பி வாங்க. முதல்ல இருந்து."

எத்தனை நூறு தடவை திரும்பினேன் என்று தெரியாது. வேறு யாராவது என்றால் விட்டிருப்பான். நான் விடவில்லை.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பலாபத்வலயில் ஒரு பழைய களஞ்சியத்தின் முன்னால் படப்பிடிப்புக்காக முகாம் வாசலைக் கட்டியிருந்தார்கள். வாசலில் அசையாமல் நிற்கச் சொன்னார் டைரக்டர். செருப்புக்குள் விரலை மடக்கினேன். வலது கால் விரல் மடங்கவில்லை. இடது மடங்கியது. அது போதும்.

"ஐயா... எம் மகன்... உள்ள இருக்கானா? இருக்கான்னு... மட்டும் சொல்லுங்க. நான்... இங்கேயே நிக்கிறேன். எத்தன நாள்... ஆனாலும்... நிக்கிறேன்."

டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். பிறகு பக்கத்தில் வந்தார். "அண்ணே, ஒவ்வொரு சொல்லா நிறுத்தி நிறுத்தி... அது நோயா, நடிப்பாண்ணே?"

நிமிர்ந்து பார்த்தேன். இடது காலால் ஓர் அடி வைத்தேன்.

"நடிப்பு" என்றேன்.

முன்பெல்லாம் ஒரு நாளில் மூன்று இடம் போய்வருவேன். இப்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்றத்து நீளம் வேண்டும். உடம்பின் வலப்பக்கம் கோபித்துக்கொண்ட சொந்தக்காரன் மாதிரி. கூப்பிட்டால் வரும், ஆனால் அது நினைத்த நேரத்துக்குத்தான்.

வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான். கல்யாண வீடுகளில் இப்போது யாரும் என்னைச் செய்துகாட்டச் சொல்வதில்லை. நானாகவே செய்கிறேன். பந்தி நடுவில் மூச்சைப் பிடித்து, தசையெல்லாம் கூட்டி, வாயை நேராக்கி நாலு எண்ணும்வரை வைத்திருப்பேன். யாருக்கும் தெரியாது, அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுவார்கள்.

பிலோமினா மட்டும் எழும்பிக் கைதட்டுவாள்.