வானகரம் வழியாக மீனம்பாக்கம்

மாலை ஐந்து மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் வாடகைக் கார் ஏறினோம். நானும், காய் நறுக்கும் சரசாவும், இரண்டு பைகளும். இரவு ஒன்பது ஐந்துக்கு மும்பை விமானம். எட்டு ஐந்துக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்த கல்யாண வீட்டார் மூன்று முறை சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை அங்கே நானூறு பேருக்கு டிபன். அடுப்பு மூட்ட எங்களைத் தவிர ஆள் கிடையாது. நாங்கள் போகாவிட்டால் அத்தனை பேரும் வெறும் வயிற்றோடுதான் அட்சதை போட வேண்டும்.

ஓட்டுநர் ஜாகிர், பூந்தமல்லிக்காரர். வாடகை எண்ணூற்று ஐம்பது. போனை நிமிர்த்தி வைத்து வழி பார்த்தார்.

“ஆயா! பாடி, கோயம்பேடு, கிண்டின்னு போனா இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான். ஆனா பாடியாண்ட செவப்பா கீது.”

“இன்னா ஆயா? அக்கான்னு கூப்புடு. வானகரம் போயி பைபாஸ் ஏறு. தாம்பரத்துல எறங்கித் திரும்பி வந்துரலாம்.”

“பத்து கிலோமீட்டர் சுத்துக்கா.”

“சுத்தட்டும். வானகரம் எனக்கு ஊட்டு வாசல் மாதிரி.”

வீண் பெருமை இல்லை. நாற்பது வருடமாக அங்கே பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கல்யாண மண்டபங்களில் சமைக்கிறேன். எந்த மண்டபத்துத் தண்ணீர் உப்பு, எந்த அடுப்பு காற்றுக்கு அணையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போர்டை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். அதனால் வாசல் வளைவுகளை வைத்துத்தான் எனக்கு இடம் தெரியும்.

ஐந்தே முக்காலுக்கு அயனம்பாக்கம் தாண்டி நெடுஞ்சாலையில் சேர்ந்தோம். சேர்ந்த இடத்திலேயே நின்றோம். இரண்டு பக்கமும் சீரியல் விளக்கு போட்ட மண்டபங்கள். ஒவ்வொரு வாசலிலும் மூன்று வரிசை கார், நடுவில் பேண்டு வாத்தியம், ஆடுகிற பையன்கள்.

“இன்னாக்கா இது, ஊரே கண்ணாலம் பண்ணுது?”

“நாளைக்கு முகூர்த்தம். இன்னிக்கி எல்லா மண்டபத்துலயும் ரிசப்ஷன்.”

“தெரிஞ்சேவா இட்டுகினு வந்தே?”

எனக்கு முகூர்த்தம் தெரியும். அதற்காகத்தானே மும்பைக்கே போகிறேன்! ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின மாலை இந்த ரோட்டில் நான் நின்றதே இல்லை. மத்தியானமே சமையல்கட்டுக்குள் போனால் மறுநாள்தான் வெளியே வருவேன்.

ஆறரைக்குள் இரண்டு விளக்குக் கம்பம் தூரம் நகர்ந்திருந்தோம். சரசா அழவே தொடங்கிவிட்டாள். “யக்கா, நம்மளால ஒரு கல்யாணமே பட்டினியா பூடும்க்கா.”

அப்போதுதான் இடது பக்கம் இரண்டு சிமெண்டு யானைகள் தெரிந்தன.

“தம்பி, அந்த யானை வாசல்ல உள்ள வுடு.”

“மண்டபத்துக்கா? நமக்குப் பத்திரிகை வெக்கலியே!”

“பின்னாடி சமையல் கேட்டு கீது. காய் லோடு வர்ற சந்து. நேரா பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல போய் முட்டும்.”

மாப்பிள்ளை கார் உள்ளே நுழைந்தது. அதன் வாலைப் பிடித்து நாங்களும் நுழைந்தோம். வரவேற்க நின்ற பெண்கள் எங்களையும் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பன்னீர் தெளித்து, கல்கண்டு நீட்டினார்கள். ஜாகிர் வெட்கத்தோடு இரண்டு எடுத்துக்கொண்டார்.

பின்னால் கேட்டை அடைத்துக்கொண்டு சிலிண்டர் வண்டி. ஜல்லிக் கரண்டியோடு அன்றைய சமையல்காரர் தேவராஜ் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, மும்பை போறேன்னியே, இங்க இன்னா பண்றே?”

“மும்பைக்குத்தான் போறேன். உன் கேட்டு வழியா.”

சிரித்துக்கொண்டே நாலு ஆளை விட்டுச் சிலிண்டர் வண்டியை ஓரமாகத் தள்ள வைத்தார். எண்ணெயிலிருந்து எடுத்த போண்டா ஆறு, இலையில் சுற்றி மடியில் விழுந்தது. ஆறே முக்காலுக்குச் சந்தில் இருந்தோம்.

பைபாஸில் காற்று வந்தது. போரூர் ஏரி இருட்டிக்கொண்டிருந்தது. ஏழு இருபதுக்குத் தாம்பரம். குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஊர்ந்து, ஏழு ஐம்பதுக்கு மீனம்பாக்கம்.

“அக்கா, உனுக்கு ரோடு தெரில, மண்டபம்தான் தெரிது,” என்று சொல்லி ஜாகிர் பையை எடுத்துக் கொடுத்தார். போண்டாவில் இரண்டு அவருக்கு.

ஓட்டமும் நடையுமாகக் கவுண்டருக்குப் போனபோது எட்டு மூன்று. சாயங்காலம் விமானத்துக்குப் போகிறவர்கள் போனில் வழி பார்க்குமுன் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். மறுநாள் முகூர்த்தம் என்றால் வானகரம் வேண்டாம்.

மும்பை மாதுங்காவில் மறுநாள் ஏழு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. பொங்கலும் வடையும் போய்க்கொண்டிருக்கும்போது வெளியே ஹாரன் சத்தம். இத்தனை வருடம் அதையும் ஒரு கல்யாணச் சத்தம் என்றே நினைத்திருந்தேன். கரண்டியைச் சரசாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனேன். ரோட்டை அடைத்து மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற டாக்ஸியில், தலைக்கு மேல் பெட்டிகளோடு ஒரு குடும்பம்.

“கொஞ்சம் ஓரமா நின்னு வாசிங்கப்பா,” என்றேன். “யாரோ ஊருக்குப் போறாங்க.”