ஒரு பக்கம் நசுங்கிய கூடை

லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் என் தங்கையின் சமையலறை ஜன்னலோரத்தில் பல வருடங்களாக ஓர் உலோகக் கூடை நின்றது. ஒரு சாண் உயரம், உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அதற்குள் அகப்பையும் கரண்டிகளும் செருகியிருப்பாள். வருகிறவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். படகு எஞ்சினுக்குப் போகிற தண்ணீரை வடிக்கும் கூடை என்று சொல்லுவாள். ஏன் நசுங்கியிருக்கிறது என்று கேட்டால், வடிகட்டியின் மூடி தெறித்துத் தன் கணவரின் நெற்றி வெடித்த கதையைச் சொல்லுவாள். அந்தக் கதை பொய். அதைக் கேட்டுக்கொண்டு நானும் அங்கே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

அவளுடைய கணவன் எனக்கு மச்சான். ஊரில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்தியவன், பிறகு ஜேர்மனியில் பத்து வருடம் கார் கராஜில் நின்றவன். லண்டனுக்கு வந்தபின், அப்போது நாங்கள் இருந்த ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், தேம்ஸ் கரையிலிருந்த ஒரு படகுப் பட்டறையில் இருவரும் வேலை செய்தோம். அவனுக்கு எஞ்சின், எனக்கு வயரிங். அவன் கோபப்பட்டு நான் கண்டதில்லை. எனக்குத்தான் வாய்க்கு முன்னே கை போகும். நானும் முன்பு ஜேர்மனியில் இருந்தவன், அந்தக் கையால் அங்கே இரண்டு வேலைகளை இழந்திருந்தேன்.

படகு எஞ்சின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணிக்கும். தண்ணீரோடு பாசியும் இலையும் பிளாஸ்டிக் பையும் வரும். ஒருமுறை ஒரு குழந்தையின் காலுறைகூட வந்தது. அவை எல்லாம் வடிகட்டிக்குள் இருக்கும் கூடையில் தங்கிவிடும். கூடையைக் கழுவ வேண்டுமானால் முதலில் கீழே உள்ள வால்வை மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு படகுக்குள் வந்துவிடும். கழுவி முடிந்ததும் வால்வைத் திறக்க மறந்தால் எஞ்சின் தண்ணீரில்லாமல் ஓடிக் கொதித்துப்போகும். அதற்கு மச்சான் ஒரு வழக்கம் வைத்திருந்தான். வால்வை மூடுகிறவன் எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே கொழுவித் தொங்கவிட வேண்டும். சாவியை எடுக்கப் போகிற கை வால்வைத் தொடாமல் வர முடியாது. "சாவி வால்விலயிருந்து வரவேணும் மச்சான், உன்ர பொக்கற்றிலயிருந்து வரக்கூடாது" என்று என்னைப் பகிடி பண்ணுவான். எனக்குச் சாவியைப் பொக்கற்றில் போடுகிற பழக்கம் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், ஊரில் போரின் கடைசி நாட்கள். அவனுடைய தாய் ஷெல் விழுந்துகொண்டிருந்த கடற்கரையில் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தா. ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாகத் தெருவில் போய் இருந்து போரை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்த மாதம் முழுக்க எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்க வேண்டியவர்கள் யாரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

அன்று காலை ஒரு பழைய படகின் வடிகட்டிக்குப் புதுக் கூடை போட வேண்டியிருந்தது. வால்வை மூடினேன். பேட்டரியைப் பார்க்கச் சாவி தேவைப்பட்டதால் அதைக் கொழுவாமல் பொக்கற்றில் போட்டேன். மச்சானின் போன் அடித்தது. எஞ்சின் அறைக்குள் சிக்னல் இல்லை என்று மேலே ஏறிப் போனான். பழைய கூடையைக் கழற்றி வாளிக்குள் போட்டுவிட்டு, புதியதைப் போட்டு மூடியை இறுக்கினேன். பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தவன் சாவிக்காகக் கையை நீட்டினான். பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மேலே போய் எஞ்சினை முடுக்கிவிட்டு வந்தான்.

முதலில் ரப்பர் கருகுகிற மணம் வந்தது. என்ன என்று பார்ப்பதற்குள் குழாய் வெடித்தது. கொதிநீரும் ஆவியும் அந்தச் சின்ன அறையை நிரப்பின, எனக்கு என் கையே தெரியவில்லை. நான் மூலையில் ஒதுங்கினேன். அவன் ஆவிக்குள் இடது கையை விட்டு, எஞ்சினோடிருந்த நெம்பை இழுத்து அதை நிறுத்தினான். நிறுத்திவிட்டு ஒரே ஒரு தரம் கத்தினான். ஆவி மெல்ல விலகியபோது முழங்கைவரை அவன் தோல் கழன்று தொங்கியது. மூடியபடி குறுக்கே கிடந்த வால்வுக் கைப்பிடியை அவன் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியவில்லை. வாளிக்குள் கிடந்த பழைய கூடையை எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. இன்னொரு தரம் அதே இடத்தில் அடித்தேன். மூன்றாவது அடிக்கு அவன் சரிந்துவிட்டதால் கூடை எஞ்சினில் மோதி நசுங்கியது. "சாவியை ஏன்டா கேட்டனீ" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு கை வெந்தவன் மற்றக் கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. காலடியில் தேங்கிய தண்ணீர் சிவந்தது.

பட்டறைக்காரர்கள் வருமுன் கூடையை அவனுடைய வேலைப் பைக்குள் ஒளித்தேன். ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது, மூடி தெறித்தது என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "சாவி உன்ர பொக்கற்றிலயிருந்துதான் வந்தது. நான் கவனிச்சிருக்கவேணும். அம்மா செத்துப்போனா எண்டு அப்பதான் போனில சொன்னவங்கள்."

அவனுக்கு இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்காது. படகு வேலையை விட்டு மரக்கறிக் கடை வைத்தான். ஒவ்வொரு மே மாதமும் தாயின் துவசத்துக்கு என்னை அழைப்பான், தன் பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைப்பான். தங்கை என்னை வழியனுப்பும்போதெல்லாம், "அண்ணை, அந்த மூடியளைப் பாத்துத் திறவுங்கோ" என்பாள். உண்மை தெரிந்தால் அந்த வீட்டு வாசலை மிதிக்க விடமாட்டாள் என்ற பயத்தில் தலையாட்டிவிட்டுப் போவேன். எனக்கு அந்த வீட்டை விட்டால் வேறு உறவு இல்லை.

போன வருடத் துவசத்தன்று யாரோ ஒரு பெண் கூடையைப் பற்றிக் கேட்டாள், தங்கை மூடிக் கதையைச் சொன்னாள். சனம் போனபிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"பிள்ளை, மூடி தெறிக்கேல்லை. நான்தான் அடிச்சனான்."

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"தெரியும் அண்ணை. அண்டைக்குக் காயத்தைத் துடைச்சது நான். நெத்தியில பொட்டுப் பொட்டாப் பதிஞ்சு கிடந்தது. மூடியில ஏது ஓட்டை? அவற்ர பையைத் திறந்தா இது கிடந்தது."

"பிறகு ஏன் இதை இதில வைச்சிருக்கிறாய்?"

"வரேக்குள்ள எல்லாம் நீங்கள் பாக்கவேணும் எண்டு. ஒருநாளைக்கு உங்கட வாயால சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோற்றுப் பானைக்குள் போட்டாள். கூடையைக் கழுவி, சீலைத் துண்டால் துடைத்து என் கையில் தந்தாள். "சொல்லிப்போட்டியள்தானே, இனி நீங்களே கொண்டுபோய் வையுங்கோ" என்றாள்.

மச்சான்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டான். மடியிலிருந்த கூடையை ஒருதரம் பார்த்துவிட்டுக் காரை எடுத்தான். இப்போது அது என் சமையலறை ஜன்னலோரத்தில் நிற்கிறது. நசுங்கிய பக்கத்தை என்னைப் பார்க்க வைத்திருக்கிறேன்.