ராத்தா போட்ட முதல் ஓர்டர்

தில்லையடியில் வீட்டிலிருந்தே பெண்கள் அணியும் அபாயா அங்கிகள் தைத்து விற்கிறேன். சென்ற நோன்புக்கு முன் இணையத்தில் சிறு கடையொன்று திறந்தேன். யாராவது ஓர்டர் போட்டால் என் போனுக்குச் செய்தி வரும். படங்கள் அழகாக வந்திருந்ததால் அன்றே விளம்பரத்துக்குப் பணம் கட்டப் பார்த்தேன்.

"கொஞ்சம் பொறு, நான் ஒண்டு வாங்கிப் பாக்கிறன்" என்றார் கல்பிட்டியில் இருக்கும் என் அக்கா, மூத்த ராத்தா.

சற்று நேரத்தில் அவரே கோல் எடுத்தார். "ஓர்டர் வந்திச்சா?"

"இல்லையே ராத்தா."

"யாரோ ஒரு ஆம்புள எனக்குக் கோல் எடுத்து, 'என்ட போனுக்கு உங்கட பேரும் அட்ரசும் நம்பரும் வந்திரிக்கி, நீங்க யாரு'ண்டு கேக்கிறாரு."

உடனே கடையைத் திறந்து பார்த்தேன். கடையில் என் எண்ணின் ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்திருந்தேன். விளம்பரமும் போயிருந்தால் எத்தனை பெண்களின் வீட்டு முகவரி அந்நியர் கைக்குப் போயிருக்கும்! ராத்தாவுக்குக் கோல் எடுத்தவர் நல்ல மனிதர். நான் பேசி மன்னிப்புக் கேட்டதும், "பரவாயில்ல தங்கச்சி, அழிச்சிட்டன்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

எண்ணைத் திருத்தினேன். ராத்தா மறுபடியும் ஓர்டர் போட்டார். இம்முறை என் போன் ஒலித்தது.

இப்போது கடையில் சின்ன மாற்றம் செய்தாலும் வேறொரு வீட்டிலிருந்து யாரையாவது ஓர்டர் போடச் சொல்கிறேன். அது என்னிடம் வந்து சேர்ந்த பிறகே விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறேன்.