அக்கா நின்ற சிம்பாங்

நான் அப்படியொன்றும் பெரிய பொய்க்காரன் இல்லை. இத்தனை வருடத்தில் சொன்ன பொய்கள் எல்லாம் பல்வலி என்று சொல்லி வேலைக்கு மட்டம் போட்ட ரகம்தான். சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அரை நிமிடத்தில் சொன்ன பொய் மட்டும் அந்த ரகம் இல்லை.

நண்பனும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் செம்பனையாகி, நாங்கள் குடியிருந்த லயங்களையும் இடித்த பிறகு ஈப்போ சிலிபினுக்கு வந்து சேர்ந்தோம். ஐம்பதைத் தாண்டியதும் இருவருக்கும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. காரிலேயே மலையைக் கடந்து கோத்தா பாரு போய், காரை அங்கே தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, கடற்கரையோரமாக ஜொகூர் வரை பன்னிரண்டு நாள் மிதிப்பதாகத் திட்டம். இரண்டு வருடம் இதையேதான் பேசினோம். லீவுக்காக நான் மேலாளரிடம் கெஞ்சிய கெஞ்சலுக்குக் கல்லும் கரைந்திருக்கும்.

நண்பனுக்குப் பெண்சாதி பிள்ளை கிடையாது. நெருங்கிய உறவென்று ஓர் அக்காதான். அந்த அக்காவின் மூத்த மகள் கல்யாணத்தில், தாய்மாமனாக மாலையோடு நிற்க வேண்டியவன், பினாங்கில் ஒரு சைக்கிள் போட்டியில் இருந்தான். முகூர்த்தத்துக்கு வந்துவிடலாம் என்று நினைத்தோம், முடியவில்லை. அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்து அவனை இழுத்துப் போனவன் நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றோடு அக்கா அவனிடம் பேச்சை நிறுத்தினார். ஐந்து வருடமாகிவிட்டது.

கிளம்பிய அன்று காலை சுங்கை சிப்புட்டில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தினோம். அவன் கை கழுவப் போயிருந்தபோது மேசையிலிருந்த அவன் போன் அடித்தது. ‘அக்கா’ என்று வந்தது. எடுத்தேன்.

“தம்பி, நீங்களா? ரெண்டு பேரும் இன்னிக்கு இந்தப் பக்கமா போறீங்கன்னு கேள்விப்பட்டேன். தோட்டத்து சிம்பாங்ல, பஸ் ஸ்டாப்லதான் நிக்கிறேன். சின்னவளுக்கு வர்ற ஞாயித்துக்கிழம கல்யாணம். வீட்டுக்காரரு இப்பதான் கோவம் தணிஞ்சு எறங்கி வந்தாரு. வெத்தல பாக்கு, கார்டு எல்லாம் தட்டுல எடுத்தாந்திருக்கேன். ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கலா. மாமன்காரனுக்குப் போன்லயா சொல்றது? கையில குடுக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சைக்கிளில் கோல திரங்கானுவைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பார்த்தால் இவன் சைக்கிளை அந்தச் சாலை முச்சந்தியிலேயே போட்டுவிட்டு அக்காவோடு போய்விடுவான். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் லீவு, என் இரண்டு வருடம் என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

“அய்யய்யோ அக்கா, நாங்க கிரிக் தாண்டிட்டோமே,” என்றேன். கிரிக் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலான தூரம்; அக்கா நின்ற முச்சந்தியே இனிமேல்தான் வரும். “அவன் தூங்குறான். எந்திரிச்சதும் சொல்றேன்.”

“அப்படியா? நான்தான் லேட்டா வந்துட்டேன் போல. சொல்லிருங்க தம்பி. பத்திரமா போங்க.”

அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்தேன். அதை இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அக்கா வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று நம்பித்தான் காரை எடுத்தேன். தூறல் பிடித்துக்கொண்டதால் அவர் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். பச்சைப் பட்டுப் புடவை. தட்டை முந்தானையால் மூடியிருந்தார். முதலில் காரின் பின்னாலிருந்த இரண்டு சைக்கிள்களையும் பார்த்தார், பிறகு என்னை, பிறகு பக்கத்தில் குனிந்து போனில் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியை. பாதி தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். நான் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன்.

தம்பிதான் என்னை அப்படிச் சொல்லச் சொன்னான் என்று அவர் நினைத்திருப்பார். வேறு என்ன நினைக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை கோல திரங்கானுவைத் தாண்டி மாராங்கில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ உறவினர் அவனுக்கு ஒரு படம் அனுப்பினார். மணமேடையில் சின்னவள். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், மாலையோடு அக்காவின் சித்தப்பா மகன் ஒருவன் நின்றான்.

“மச்சான், சின்னவளுக்குக் கல்யாணமாம்லா. எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் அந்த நேரத்தில் என்ன சொல்வானோ அதைத்தான் சொன்னேன்.

“விடுலா. அவங்க கோவம் அப்படி.”

அவன் முன்னால் மிதித்தான். கொஞ்ச தூரம் போய் ஒரு பாலத்தின் மேல் இறங்கி, புட்டித் தண்ணீரில் வெகுநேரம் முகம் கழுவினான். நான் பின்னால் நின்று செயின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஊர் திரும்பியபின் இரண்டு முறை அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன். இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். அவனும் ஒருமுறை அக்காவை அழைத்துப் பார்த்தான். அவர் எடுக்கவில்லை.

போன மாதம் அவனுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். நிரப்பக் கொடுத்த பாரத்தில் நெருங்கிய உறவின் பெயரைக் கேட்டிருந்தார்கள். பழக்கத்தில் அக்காவின் பெயரை எழுதியவன், கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டுக் கோடு போட்டு அடித்தான். மேலே என் பெயரை எழுதினான்.

“ஒறவு என்னன்னு கேக்குது மச்சான். கூடப்பொறந்தவன்னு போட்டுடுறேன்லா. நீ இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா?”

பிறகு என் போன் நம்பரைக் கேட்டான். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.