சிலிண்டருக்குள் விழுந்த கோடு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது கல்முனைக்கே தெரியும். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் நான். இரும்பு கடையும் என் லேத் கடையில் என்னோடு நின்றது பெண்சாதியின் தம்பி. அக்கா என்பதற்கு அவளை ராத்தா என்பான். அவனும் நானும் ஒருவரையொருவர் மச்சான் என்போம். தண்டு, சக்கரம் என்று வெளிப்பக்கம் கடைவதெல்லாம் என் வேலை. துளைக்குள் கடைவது அவன் வேலை. இரும்பைச் சீவும் டூலைத் தீட்டுவதும் அவன்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சிறுபோகம், கோடை வேளாண்மைக் காலம். நாவிதன்வெளிப் பக்கம் ஏக்கர்கணக்கில் வயல் செய்த போடியார் ஒருவர் தன் தண்ணீர் இறைக்கும் மெசினின் சிலிண்டரைக் கொண்டுவந்தார். உள்ளே தேய்ந்துபோயிருந்தது. கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்டன் போட வேண்டும்.

"தம்பி, கதிர் வாற நேரம். தண்ணி இல்லாட்டி வேளாண்ம கருகிரும்," என்றார்.

ஏற்கெனவே இரண்டு தரம் பெருப்பித்த சிலிண்டர் அது. இனி ஒரு தரம்தான் தாங்கும். இரும்பைச் சீவி எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது.

மச்சான் கை வைக்கப் போனான். போடியார் முன்னால் முதலாளி யாரென்று காட்ட வேண்டுமே! "விடு, நான் கடையிறன்" என்றேன். கடைந்தேன். கண்ணாடிபோல் வந்தது. மெசினை நிறுத்தி, டூலை வெளியே எடுத்துவிட்டு விரலை விட்டுத் தடவினால், அடியிலிருந்து வாய்வரை நேராக ஒரு கோடு! மயிரிழைதான். ஆனால் அந்த வழியால் காற்றுக் கசிந்தால் எஞ்சின் இழுக்காது. இன்னும் கொஞ்சம் கடைந்து கோட்டை அழித்தேன். திரும்பவும் கோடு. அதற்குமேல் கடைய இரும்பில்லை. சிலிண்டர் முடிந்தது.

"டூல் தீட்டத் தெரியாதவனக் கடையில வெச்சிரிக்கன் போடியார். அவன்ட பிழை," என்றேன். வாசலில் சனம் கூடிவிட்டது. "கைப்பிழையாக்கும்" என்று யாரோ இழுத்தார். எனக்கு உச்சியில் ஏறியது.

"வல்லாஹி! என்ட கையில பிழை இல்ல!"

அல்லாஹ்வின் பேரால் சத்தியம். மச்சான் கையைத் துடைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

போடியார் யாரிடமோ மெசின் இரவல் வாங்கி வேளாண்மையைக் காப்பாற்றிக்கொண்டார். மச்சானின் பேரைக் காப்பாற்ற ஒருவரும் இருக்கவில்லை. சம்மாந்துறையில் ஒரு லேத் கடை, அக்கரைப்பற்றில் ஒன்று, அவன் போகுமுன்பே அந்தக் கதை போய் நின்றது. இரண்டு இடத்திலும் வேலை இல்லை என்றுவிட்டார்கள். பெண்சாதி எனக்குச் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு மாதம் கழித்து, பழைய பைப் துண்டொன்றை உள்ளே கடைந்தேன். டூலை நானே தீட்டியிருந்தேன். கோடு விழுந்தது. இன்னொரு துண்டைக் கடைந்து, மெசினை நிறுத்தி, டூலை வெளியே எடுக்குமுன் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. அப்படியென்றால் கடையும்போது விழவில்லை, வெளியே எடுக்கும்போதுதான் விழுகிறது. மெதுவாக எடுத்துக்கொண்டு என் கையைப் பார்த்தேன். டூலை என் பக்கம் கொண்டுவரும் கைப்பிடியை என் கை ஒரு சுண்டு சுண்டுகிறது, என்னைக் கேளாமலே! தண்டின் வெளிப்பக்கம் கடைந்தால் அப்படித்தான் இழுக்க வேண்டும், டூல் இரும்பை விட்டு விலகும். துளைக்குள் அதே இழுப்பு டூலை இரும்புக்குள் இறக்கும். வருசக்கணக்கான பழக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யா அல்லாஹ், வெட்கத்தில் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சாய்ந்தமருதில் அவன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து யாருடையதோ கிழிந்த வலையைக் கூலிக்குப் பொத்திக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன்.

"மச்சான், பிழை என்ட கையிலதான். டூல வெளிய எடுக்கக்குள்ள..."

"தெரியும்," என்றான். ஊசியை நிறுத்தவில்லை. "அண்டைக்கே கண்டன். ரெண்டு தரமும் உங்கட பக்கம் இழுத்தீங்க."

"மறுகா ஏன் செல்லல்ல?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். "செல்லத்தான் வாயத் திறந்தன். நீங்க வல்லாஹி எண்டு போட்டீங்க. அத்தின பேருக்கு முன்னால உங்களப் பொய்ச்சத்தியக்காரனா ஆக்கவா? எங்கட ராத்தாட மாப்புள நீங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சனம் வெளியே வரும்போது, பள்ளிவாசல் படியில் நின்று உண்மையைச் சத்தமாகச் சொன்னேன். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் பிறகு லேத்தைத் தொடவில்லை.