மேசைக்கு அந்தப் பக்கம் ஆளில்லை

தொழிற்சங்கப் பிரதிநிதி வேலை என்பது மேசைக்கு இந்தப் பக்கம் எல்லாரிடமும் ஏச்சு வாங்கி, அதை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்குகிற வேலை. இப்போது அந்தப் பக்கத்தில் ஆளில்லை, அதுதான் கரைச்சல். என்னைப் போல் இந்த வேலையில் மாட்டுப்பட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. பேரம் பேசப் பழகியது இந்த ஊர்ச் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கின காலத்தில். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் இருக்கிற எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையைப் போன வருடம் ஏதோ ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிதியம் வாங்கியது. வாங்கின கையோடு, பொதி கட்டுகிற மூன்றாம் லைனை மெக்சிகோவுக்கு மாற்றுவது பற்றி 'ஆராய்கிறோம்' என்று கடிதம் போட்டார்கள். அந்த லைனில் நிற்கிறவர்களில் பாதிப் பேரை மனேஜரிடம் கதைத்து வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான்.

கோட் போட்ட மனிதர்

முதல் பேச்சுவார்த்தைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் நடுவில் இருந்தவர் நல்ல கோட், நரைத்த தலை, முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இவன்தான் ஆள் என்று முடிவுகட்டி, மற்ற இருவரையும் பாராமல் அவரையே பார்த்து இருபது நிமிடம் விளாசினேன். மேசையில் இரண்டு தரம் அடித்தேன். தண்ணீர்க் குவளை விழுந்து அவருடைய தாள்கள் நனைந்தன. மனிதர் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. பயந்துவிட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகமும் சந்தோஷமும்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். அவர் தாள்களைத் துடைத்துக்கொண்டு மிக மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, நான் மொழிபெயர்க்க வந்தவன். இனி நீங்கள் சொன்னதை இவர்களுக்குச் சொல்லலாமா?"

லூக்கின் மைக்ரோவேவ்

மற்ற இருவரும் நிதியத்தின் வக்கீல்கள். 'உங்கள் கவலையை மேலே தெரிவிக்கிறோம்' என்பதற்கு மேல் அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். மேலே என்றால் எங்கே? அது அவர்களுக்கும் தெரியாது.

நேரே எங்கள் மனேஜர் லூக்கின் அறைக்குப் போனேன். பத்து வருடமாக இவனோடுதான் சண்டை. கதவை அடித்துச் சாத்திக் கூட்டத்தைக் குழப்பி, கடைசியில் கைகொடுத்துப் பிரிவது எங்கள் வழக்கம். "மூன்றாம் லைன் போகாது என்று எழுதித் தா" என்றேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாப்பாட்டறையில் பழுதான மைக்ரோவேவுக்குப் பதில் ஒன்று வாங்க அனுமதி கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களைக் காட்டினான். மார்கழியில் தொடங்கியது, சித்திரை வந்தும் பதில் இல்லை.

பிறகு சொன்னான்: "உனக்காவது ஒரு சங்கம் இருக்கு. எனக்கு ஆர் இருக்கினம்?"

கைகொடுக்க வந்தவர்

தேர்தல் காலம். வேட்பாளர் ஒருவர் தொழிற்சாலை வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டே மூன்றாம் லைனைப் பற்றிக் கேட்டேன். நிறுவனம் வேறு நாட்டில் பதிவாம், வர்த்தக ஒப்பந்தம் இருக்காம், அரசாங்கம் தலையிட்டால் வழக்குப் போடுவார்களாம். ஆனால் உணர்வால் எங்களோடு இருக்கிறாராம். "உணர்வை வைத்து பிஸ்கட் பொதி கட்டலாமோ?" என்று நான் தொடங்க, சிவராசா அண்ணைதான் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் மூன்றாம் லைனிலேயே மூத்தவர், தச்சு வேலையும் தெரிந்தவர்.

உள்ளே வந்து சப்பாத்தில் ஒட்டின பனியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "ஊரிலை நிம்மதியா வாக்குப் போட விடேல்லை எண்டுதானே தம்பி ஓடி வந்தனாங்கள். இஞ்சை விடுறாங்கள். போட்டுப்போட்டு என்ன செய்யிறதெண்டுதான் விளங்கேல்லை."

நித்யாவின் ஆராய்ச்சி

நித்யா சென்னைப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் ஆராய்கிறாள். சனி, ஞாயிறு எங்களோடு பொதி கட்டுவாள். என்னதான் ஆராய்கிறாய் என்று தேநீர் இடைவேளையில் கேட்டேன்.

"முடிவு எடுக்கிறவங்க ஒரு நாட்டுல, அடி வாங்குறவங்க இன்னொரு நாட்டுல இருந்தா, அடி வாங்குறவங்க ஓட்டுக்கு என்ன அர்த்தம்? அதான் அண்ணா."

இதைத்தானே நான் ஒரு வருடமாகக் கத்துகிறேன்! "எத்தினை வருசமாப் படிக்கிறாய்?"

"அஞ்சாவது வருஷம்."

"விடை கிடைச்சுதோ?"

பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னாள்: "கிடைச்சா ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடுவாங்கண்ணா."

ரோசா

லைன் போகப்போவதாகச் சொன்ன மெக்சிகோ தொழிற்சாலையிலும் ஒரு பிரதிநிதி இருந்தாள், ரோசா என்று பெயர். எங்களில் ஸ்பானிஷ் தெரிந்த ஒருத்தி அவளைத் தொலைபேசியில் பிடித்துத் தந்து, இடையில் நின்று மொழிபெயர்த்தாள். எங்கள் வேலையைப் பறிக்காதே என்று பாயத்தான் ஆயத்தமாக இருந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"நீங்கள்தான் மொன்றியல்காரரோ? சம்பளம் கூட்டிக் கேட்டால் வேலை மொன்றியலுக்குப் போயிடும் எண்டு எங்களை ஒரு வருசமா வெருட்டுறாங்கள்."

வாக்கெடுப்பு

கடைசியாக நிதியத்திடமிருந்து ஒரு திட்டம் வந்தது. சம்பளத்தைக் குறைக்கச் சம்மதித்தால் லைனை இங்கேயே வைத்திருப்பதைப் 'பரிசீலிப்பார்களாம்'. எல்லாரும் கூடி வாக்குப் போட்டோம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஸ்பானிஷிலும் விளக்கி, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் துளை வெட்டி, இரகசிய வாக்கு. சிவராசா அண்ணை மட்டும் பிந்தி வந்தார், உடுப்பெல்லாம் மரத்தூள். பின் களஞ்சியத்தில் கழிவுக்குப் போகிற பழைய இயந்திரத்துக்கு மரப்பெட்டி அடிக்கச் சொல்லியிருந்தார்களாம், ஒரு கிழமையாக அந்த வேலைதான்.

ஆம் என்பதே வென்றது. கைகாட்டச் சொல்லியிருந்தால் எதிர்த்துக் கை தூக்கியிருக்கக்கூடியவர்களும் பிள்ளைகளை நினைத்துக் குறைப்புக்குப் போட்டதாகப் பிறகு சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தரம், விலையைக் குறைத்துக் கேட்டவனிடம் நானே தலையாட்டினேன். முடிவை மின்னஞ்சலில் அனுப்பினோம். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி. இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்."

பெட்டி

அந்தச் சனி, ஞாயிறு ஒருவருக்கும் வேலை இல்லை என்று அறிவித்தார்கள். திங்கட்கிழமை காலை மூன்றாம் லைன் நின்ற இடம் வெறும் சீமெந்துத் தரை. இயந்திரங்களெல்லாம் களஞ்சியத்தில் மரப்பெட்டிகளுக்குள் இருந்தன, மேலே மெக்சிகோ விலாசம். லூக்கைப் பிடிக்க ஓடினேன். அவனுடைய அறையும் வெறுமையாக இருந்தது. கத்துவதற்கு ஒருவரும் இல்லாமல் திரும்பி வந்தேன்.

சிவராசா அண்ணை ஒரு பெட்டியின் மூலையைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். பழைய இயந்திரம் என்று நம்பி அவர் அடித்த பெட்டி. என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "நல்லாத்தான் அடிச்சிருக்கிறன் தம்பி. மூண்டு நாட்டு றோட்டுக் குலுக்கினாலும் ஒரு ஆணி கழலாது."

இத்தனை வருடப் பேரத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: வாக்குப் போடுவதற்குப் பிஸ்கட் பெட்டி போதும், ஆனால் துளை வெட்டுவதற்கு முன்னம் களஞ்சியத்தில் வேறு பெட்டி ஏதும் அடிக்கிறார்களா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.