திருப்புலிவனம் கபடி மேட்சுக்கு ரேவதிக்கு பதிலா போனேன்

போன ஞாயித்துக்கிழமை காலையில 7.20-க்கு ஒரு போன் வந்துச்சு. திருப்புலிவனம் காலனி கபடி டீம் கேப்டன் தாமு பேசினாரு. "சார், இன்னிக்கு நாலு மணிக்கு நம்ம கிரவுண்டுல டோர்னமென்ட். மேடம்தான் சீஃப் கெஸ்ட், புக்கு வந்தப்பவே ஒத்துக்கினாங்க. அவங்க நம்பரு போவவே மாட்டேங்குது. நீங்களே கூட்டிக்கினு வந்துடுங்க." நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாரு.

ரேவதி என் ஒய்ஃப். ஹிஸ்டரி படிச்சவ. இந்தப் பக்கத்து காலனிங்கள்லேர்ந்து கபடி ஆடினவங்க, ஏர்ஃபோர்ஸ்ல பிளேன் ரிப்பேருக்குப் போனவங்க, இவங்க பேரை யாருமே எழுதி வெக்கலைன்னு தேடித் தேடி ஒரு புக் எழுதினா. அவ போய் மூணு மாசம் ஆவுது. தாமுவுக்குத் தெரியாது. இதுவரைக்கும் எல்லார்கிட்டயும் என் மச்சான்தான் சொன்னான். நான் ஒரு தடவை கூட வாயால சொன்னதில்ல. போன்ல சொல்லலாம்னு ரெண்டு தடவை டயல் பண்ணி, ரிங் போறதுக்குள்ள வெச்சிட்டேன். சரி, நேர்லயே போய் சொல்லிடலாம்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட்ல 1.45-க்கு உத்திரமேரூர் பஸ். திருப்புலிவனம் உத்திரமேரூருக்கு முன்னாடியே வந்துடும், மெயின் ரோட்டுலயே ஸ்டாப்பிங். நான் ஸ்டாப்பை விட்டுட்டேன். உத்திரமேரூர்ல எறங்கி ஆட்டோ புடிச்சு திரும்பி வந்தேன். நாலு கிலோமீட்டர், நூறு ரூபா.

"தூங்கிட்டியா நைனா?"ன்னு ஆட்டோக்காரர் கேட்டாரு.

"இல்லண்ணே, முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

"முழிச்சிக்கினே வுட்டியா? அப்ப இன்னும் அம்பது சேத்துக் குடு." சும்மா சொன்னாரு, நூறுதான் வாங்கினாரு.

கிரவுண்டு வாசல்ல ஆளுயர ஃப்ளெக்ஸ். ரேவதி கை கூப்பி நிக்கறா. மேல 'வருக வருக'. அந்த போட்டோ நான் எடுத்தது.

"இன்னா சார், தனியா வந்துகீறீங்க?"ன்னு தாமு ஓடி வந்தாரு. பின்னாடியே முனுசாமி. புக்குல வர்ற பழைய கபடி ரைடர், எழுபது தாண்டிடுச்சு. "அது வராம இருக்குமா? என் முட்டித் தழும்பைக் கூட எழுதிக்கினு போச்சு. எங்கனா டீக்கடையில நிக்கும்."

"அவ செத்துட்டா"ன்னேன். தண்ணி வேணும்னு கேக்கற குரல்லதான் வந்துச்சு.

தாமு கை காட்டினதும் ரெண்டு பேர் ஃப்ளெக்ஸைக் கழட்ட ஏறினாங்க.

"டேய், எறங்குங்கடா!"ன்னு முனுசாமி கத்தினாரு. "செத்துட்டா வான்னு கூப்பிடக் கூடாதா?" அப்புறம் என்னைப் பாத்தாரு. "இன்னா சார், இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

இங்க மேட்சுக்கு முன்னாடி சீஃப் கெஸ்ட் ரெண்டு டீமுக்கும் கை குடுத்து, ஒவ்வொருத்தரா பேரு கேக்கணும். "அதை நீங்கதான் செய்யணும்"னு தாமு சொன்னாரு. போனேன். பதினாலு பேர். எல்லார் கையிலயும் மண்ணு. அஞ்சாவது ஆளு பேரைச் சொல்லிட்டு, "எங்க தாத்தா மேடம் புக்குல கீறாரு சார், ஏர்ஃபோர்ஸ்"னாரு. கடைசி ஆளு புடிச்ச புடியில விரல் வலிச்சுது. ரொம்ப நாள் கழிச்சு ஏதோ ஒண்ணு வலிச்சுது.

நீங்க போறதா இருந்தா: கிரவுண்டுல நிழல் கிடையாது, தொப்பி எடுத்துக்குங்க. பழைய சிவன் கோயில் பக்கத்துலயே இருக்கு, மதியம் நடை சாத்திடுவாங்க. கண்டக்டர்கிட்ட ஸ்டாப் பேரை முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

புக்குல வர்ற குடும்பங்க தாமுகிட்ட என் நம்பரை வாங்கி நேத்திலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் நானேதான் சொன்னேன். போனை மச்சான்கிட்ட குடுக்கல. மிச்சப் பேருக்கு நாளைக்கு சொல்றேன். இப்ப போனை ஆஃப் பண்ணிட்டேன்.